வலியின் முகவரி

செர்பிய இலக்கியத்தில் லாசா லாசரேவிச் என்று ஒரு சிறுகதைக்காரர் உண்டு. 1851இல் பிறந்து, நாற்பது வயதை எட்டாமலேயே இறந்துபோனவர். எழுதியது கொஞ்சம்தான். ஆனால் செர்பிய மொழியில் உளவியல் சிறுகதையைத் தொடங்கிவைத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிழைப்புக்கு மருத்துவர். பெர்லினில் படித்துவிட்டு பெல்கிரேடில் வேலை பார்த்தார். 1880இல் அவர் ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்கினால் தொடையின் பின்பக்கம் வலி பாய்கிறது. காரணம், அப்படித் தூக்கும்போது நரம்பு இழுபடுகிறது. ஆறு நோயாளிகளை வைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்.

இன்றைக்கும் நீங்கள் கால்வலியோடு எந்த எலும்பு மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பார். ஆனால் பாடப்புத்தகங்களில் அதன் பெயர் லசேக் சோதனை. பாரிஸில் இருந்த சார்லஸ் லசேக் 1864இல் சயாட்டிகா பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியது உண்மை. அதில் இந்தச் சோதனை இல்லை. 1881இல் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் தன் ஆய்வேட்டில் அதை விவரித்து, பெருமையை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார். லாசரேவிச் 1884இல் அதே விஷயத்தை ஜெர்மனில் எழுதியும் பெயர் மாறவில்லை. சிறிய மொழியில் எழுதுகிறவர்களுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நமக்குப் புரியாததா என்ன.

என் இடது காலை ஒரு மருத்துவர் அப்படித் தூக்கியது இரண்டு வருடம் முன்பு. முப்பது டிகிரி போயிருக்கும். புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், குதிகால் வழியாகச் சுண்டுவிரல் வரை யாரோ கரண்ட் கம்பியை உருவியதுபோல இருந்தது. முதுகில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு விசித்திரம். "கால்லதான் சார் வலி" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முதுகுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பிழைச் செய்தி ஒரு இடத்தில் வரும், பிழை வேறெங்கோ இருக்கும்.

ஸ்கேன் பார்த்துவிட்டு அவர், "ஜவ்வு விலகி நரம்ப அழுத்துது" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, வாயு புடிச்சிருக்கு, நொச்சித்தழை ஒத்தடம் குடுத்தா எறங்கிடும்" என்றாள். ஒரே காலுக்கு இரண்டு விளக்கங்கள். ஒன்றில் குற்றவாளி பிதுங்கிய ஒரு பொருள், மற்றதில் உள்ளே அலையும் ஏதோ ஒன்று. இந்த வழக்கு எங்கள் வீட்டில் தொடங்கியதல்ல என்பதும், குறைந்தது 250 வருடங்களாக நடக்கிறது என்பதும் பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. உட்கார முடியாதவனுக்குப் படுத்துக்கொண்டு படிக்க நேரம் நிறைய இருந்தது.

சயாட்டிகா என்ற சொல்லின் வேர் கிரேக்கம். இஸ்கியோன் என்றால் இடுப்பு மூட்டு. அந்தப் பெயரே முகவரியைத் தப்பாகச் சொல்கிறது. ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவர்களுக்கு இடுப்பில் தொடங்கிக் காலில் இறங்கும் எல்லா வலியும் ஒன்றுதான். மூட்டுத் தேய்மானம், நரம்பு வலி என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் வழியில்லை. நம் பக்கத்தில் சரக சம்ஹிதை இதைக் கிருத்ரசி என்று வாத நோய்களில் சேர்க்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளி நடப்பது கழுகு நடப்பதுபோல இருக்கும் என்பது வழக்கமான விளக்கம். (கண்ணாடியில் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.) ஆனால் அந்த நூலின் கவனம் என்னை உட்காரவைத்துவிட்டது, அதாவது உட்கார முடிந்திருந்தால். வலி புட்டத்தில் தொடங்கி, இடுப்பு, முதுகு, தொடை, முட்டி, கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாகப் பரவும் என்கிறது. நரம்பின் பாதையை நரம்பென்று தெரியாமலே வரைந்திருக்கிறார்கள். அம்மா சொன்ன வாயு இந்த வாதத்தின் பேத்திதான்.

காரணம் தெரியாத இடத்தில் வைத்தியம் சூட்டுக்கோலாக இருந்தது. சரகர் கணுக்கால் பக்கம் சுடச் சொல்கிறார். மத்தியதரைக் கடல் பக்கத்து நாட்டு வைத்தியர்கள் காதில் சூடு போட்டார்கள். அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை பிரான்சில் இருந்தது. லியோன் நகரத்து மருத்துவர் போல் நோஜியே 1950களில் தன் நோயாளிகளின் காதில் அந்தத் தழும்புகளைப் பார்த்துவிட்டுத்தான் காது அக்குபங்சரை உருவாக்கினார். கால் வலிக்குக் காதில் சூடு! வலி தாங்காதவன் எதற்கும் சம்மதிப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வழக்கில் முதல் திருப்பம் நேப்பிள்ஸில் வந்தது. டொமினிகோ கொட்டுன்யோ, 28 வயது, தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை. 1764இல் லத்தீனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இடுப்பு மூட்டில் வரும் வலி வேறு, நரம்பில் வரும் வலி வேறு என்று அதில்தான் முதன்முதலாகத் தெளிவாகப் பிரித்தார். தொடையின் முன்பக்கம் இறங்குவதையும் பின்பக்கம் இறங்குவதையும் தனித்தனியாக எழுதினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் இருப்பதை அந்த நூலில்தான் விவரித்தார். இன்று மூளைத் தண்டுவடத் திரவம் என்று நாம் சொல்வதன் வரலாறு ஒரு கால்வலிப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் வலிக்கு ஏன் என்று கேட்டால் கொட்டுன்யோ சொன்ன பதில்: நரம்பின் உறைக்குள் காரமான ஒரு திரவம் தேங்கி அதை எரிக்கிறது. அதை வெளியேற்ற, முட்டிக்குக் கீழே நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடத்தில் கொப்புளம் எழுப்பும் மருந்தை வைத்துக் கட்டினார்.

அடுத்த 170 வருடங்களில் இந்தத் திரவக் கதை கேலிக்குரியதாகிவிட்டது. 1908இல் பெர்லினில் ஓப்பன்ஹைம், க்ரௌஸே என்ற இருவர் ஒரு நோயாளியின் தண்டுவடக் கால்வாயிலிருந்து குருத்தெலும்புத் துண்டு ஒன்றை எடுத்தார்கள். வலி போய்விட்டது. கட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். 1932இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் இதேதான் நடந்தது. பனிச்சறுக்கில் அடிபட்ட ஓர் இளைஞனுக்கு அறுவை, எடுத்தது கட்டி என்று அறிக்கை. ஆனால் அங்கிருந்த ஜோசப் பார் என்ற எலும்பு மருத்துவருக்குச் சந்தேகம். அது கட்டியே இல்லை, இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வின் துண்டு என்று அவருக்குப் பட்டது. பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். கட்டி என்று எழுதிவைத்தவற்றில் பலவும் ஜவ்வுதான். நரம்பியல் அறுவை நிபுணர் ஜேசன் மிக்ஸ்டரும் பாரும் சேர்ந்து 19 பேரின் விவரங்களோடு 1934 ஆகஸ்டில் கட்டுரை வெளியிட்டார்கள்.

நம்மூரில் இன்று ஆட்டோ ஓட்டுநர்கூட "ஜவ்வு வெலகிடுச்சு சார்" என்று சொல்கிறார் என்றால், அது அந்த பாஸ்டன் கட்டுரையின் எதிரொலி. வலிக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. பொருள் என்றால் எடுத்துவிடலாம். அறுவைகள் பெருகின, பலருக்கு நிஜமாகவே வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு பயமும் பிறந்தது. 'விலகிடுச்சு' என்ற சொல்லைக் கேட்டவுடனே உடம்பு உடையக்கூடிய பாத்திரமாகிவிடுகிறது. உண்மையில் ஜவ்வு எங்கேயும் விலகிப் போவதில்லை. அது மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. அதன் ஓரம் கிழிந்து உள்ளேயிருக்கும் கூழ் பிதுங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக நான்கு மாதம் என் மூன்று வயது மகளை நான் தூக்கவில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கால்வலியில் எனக்கு மறக்காத வலி அதுதான்.

சரி, பிதுங்கியதுதான் குற்றவாளி என்றால், பிதுங்கிய எல்லோருக்கும் வலிக்க வேண்டுமே? 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வாவது உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கமே இருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஸ்கேன் அறிக்கையில் பெரிய எழுத்தில் வரும் சொற்கள் பாதி ஊருக்குப் பொருந்தும் என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி, அழுத்தம்தான் வலி என்றால் அழுத்தினாலே வலிக்க வேண்டும், அழுத்தாவிட்டால் வலிக்கக் கூடாது. 1993இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் ஷெல் ஓல்மார்க்கர் குழு ஒரு சோதனை செய்தது. பன்றியின் ஜவ்விலிருந்து கூழை எடுத்து, அதே பன்றியின் நரம்பு வேர்மேல் கொஞ்சமும் அழுத்தாமல் வைத்தார்கள். நரம்பில் சேதி ஓடும் வேகம் குறைந்துவிட்டது. கூழே நரம்பைப் புண்ணாக்குகிறது. கொட்டுன்யோவின் காரமான திரவம் வேறொரு உடையில் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து நின்றது! இன்றைய புரிதல் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: அழற்சி நரம்பைத் தொட்டாற்சிணுங்கி ஆக்குகிறது, பிறகு சின்ன அழுத்தம்கூட அதை அலறவைக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. அந்த அழற்சியோடு வரும் நம் உடம்பின் துப்புரவுச் செல்கள் பிதுங்கிய கூழைத் தின்று கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கித் துண்டாக விழுந்தவை கரையும் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் அறுவை வேண்டாமா? 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்த ஆய்வு எனக்குப் பெரிய உதவி. ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை கடும் வலியில் இருந்தவர்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதி காத்திருப்பு. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பிறகு அறுவைக்குப் போனார்கள். அறுவை செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் தேறியவர்கள் 95 சதவீதம். அறுவையால் கிடைப்பது பெரும்பாலும் நேரம். நேரம் சின்ன விஷயமா என்ன? என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் அறுவைக்குப் போய் ஒரு மாதத்தில் அலுவலகம் வந்தான். நான் காத்திருந்தேன், ஐந்து மாதம் ஆனது. வீட்டிலிருந்தே வேலை செய்ய எனக்கு வசதி இருந்தது, அவனுக்கு இல்லை. இரண்டும் சரியான முடிவுதான்.

அந்த ஐந்து மாதத்தை ஓட்டியதற்கும் வரலாறு உண்டு. சயாட்டிகா என்றால் படுக்கை ஓய்வு என்பது நெடுங்கால விதி. 1999இல் நெதர்லாந்தில் 183 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் படுத்தவர்களுக்கும் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே நான் நடந்தேன். மொட்டை மாடியில், பத்துப் பத்து நிமிடமாக, கழுகு நடையில்.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்ஸி என்ற இயன்முறை மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்றார் மெக்கன்ஸி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்ததைக் கவனிக்காமல் அவர் அதிலேயே படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்து, ஐந்து நிமிடம். மெக்கன்ஸி பதறிப்போய்க் கேட்டால், கால்வலி போய்விட்டது என்கிறார் அவர்! வலி காலிலிருந்து விலகி முதுகை நோக்கி ஏறினால் நல்லது என்ற விதி அப்படிப் பிறந்தது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்குவது எனக்குக் கேட்டது. சிலருக்கு அது வலியைக் கீழே இறக்கும், அவர்கள் அதைச் செய்யக் கூடாது. எது கேட்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல இயன்முறை மருத்துவர் வேண்டும்.

உட்காருவதுதான் எதிரி என்று எனக்குச் சொன்னார்கள். 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் ஜவ்வுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால் உட்காரும்போது 140. 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரிடம் நவீனக் கருவியால் அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை. ஆகவே நான் எந்த நாற்காலியையும் சாமியாக்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம். சமையல் மேடையில் லேப்டாப், பிறகு நாற்காலி, பிறகு தரை. இரவில் ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை. தாங்காத நேரத்தில் மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களைக் கட்டில்மேல் போட்டுக்கொள்வேன்.

அம்மாவின் நொச்சி ஒத்தடமும் தினம் நடந்தது. சூடு பட்ட அரைமணி நேரம் வலி அடங்கியது. 1965இல் மெல்சாக், வால் இருவரும் தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது, வேறு தொடு உணர்வுகள் வந்தால் அது வலிக்குச் சாத்திக்கொள்ளும் என்றார்கள். சரகரின் சூட்டுக்கோலும், கொட்டுன்யோவின் கொப்புளமும், எங்கள் வீட்டு நொச்சியும் தட்டியது ஒருவேளை அந்த ஒரே வாசலாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் காத்திருக்க விடக் கூடாது. உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனால், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனை. அங்கே வரலாறு பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போதும் நீண்ட பஸ் பயணம் போனால் சுண்டுவிரலில் லேசாக ஊறும். யாராவது கேட்டால் ஜவ்வு விலகிவிட்டது என்று நான் சொல்வதில்லை. "நரம்பு கொஞ்சம் கோவமா இருக்கு" என்கிறேன். கோபம் என்றால் தணியும். ஐந்தாவது மாதத்தில் மகளிடம் அப்படிச் சொல்லித்தான் கையை நீட்டினேன். "கோவம் போயிடுச்சா?" என்று காலைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பதினான்கு கிலோ. முதுகு ஒன்றும் சொல்லவில்லை.