கோட்டுக்குள்ள ஒரு பிரௌனிங்: மணியாச்சி, 1911

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல தூத்துக்குடிக்குப் போனவங்களுக்கு இந்த ஸ்டேஷன் தெரியும். காலையில அரைத்தூக்கத்துல கண்ணைத் திறந்தா ஜன்னலுக்கு வெளிய மஞ்சள் போர்டுல 'வாஞ்சி மணியாச்சி'ன்னு இருக்கும். ஒரு டீ வாங்கிக் குடிச்சுட்டு, இன்னும் கொஞ்ச நேரத்துல ஊர் வந்துரும்னு பையை இறக்க ஆரம்பிப்போம்.

வாஞ்சிநாதன் கதையை ஸ்கூல் புக்லயே படிச்சிருப்பீங்க. அதுல அவர் முகம் இருக்கும், தியாகம் இருக்கும். 'துப்பாக்கியால் சுட்டார்'னு ஒரு வரி இருக்கும். இந்த எபிசோட் அந்தத் துப்பாக்கியைப் பத்தி. நான் இன்ஜினியரிங் படிச்சவன், எனக்கு எப்பவுமே அந்த ஒரு வரியிலதான் கண்ணு நிக்கும். என்ன துப்பாக்கி? அதை எப்படி ஒருத்தர் கலெக்டர் பக்கத்துல வரைக்கும் யாருக்கும் தெரியாம கொண்டுபோனாரு?

முதல்ல அந்தக் காலை. 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் ஆஷ், மனைவி மேரியோட கொடைக்கானலுக்குக் கிளம்புறார். பிள்ளைங்க அங்க இருக்காங்க. நெல்லையில ரயில் ஏறி 10:38-க்கு மணியாச்சி வந்தாச்சு. தூத்துக்குடியில இருந்து மெட்ராஸ் போற போட் மெயில் 10:48-க்கு வரணும். கொழும்புக் கப்பலோட சேர்த்து ஓடின ரயில் அது. அப்போ தனுஷ்கோடி கப்பல் ரூட் வரலை, கொழும்பு போகணும்னா தூத்துக்குடிதான் வழி. கணவனும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில எதிரெதிரே உட்கார்ந்து அந்த ரயிலுக்காகக் காத்திருக்காங்க. நடுவுல இருந்தது பத்தே நிமிஷம்.

கோட்டு போட்ட ஒரு இளைஞர் பெட்டிக்குள் ஏறினார். பிஸ்டலை எடுத்து ஆஷின் நெஞ்சில் சுட்டார். இறங்கி பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் நுழைந்து, வாய்க்குள் வைத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர், வயது 25.

அவர் கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் ஆட்டோமேட்டிக். இந்த வார்த்தைதான் முக்கியம்.

அந்தக் காலத்துல வெள்ளைக்கார அதிகாரிங்க இடுப்புல இருந்தது ரிவால்வர், பெரும்பாலும் வெப்லி மாதிரி. ரிவால்வர்ல ஆறு தோட்டா வட்டமா ஒரு உருளைக்குள்ள இருக்கும். அந்த உருளைதான் பிரச்சனை. எவ்வளவு சின்னதா செஞ்சாலும் நடுவுல ஒரு தொப்பை இருக்கும். ராணுவ வெப்லி ஒரு கிலோவுக்கு மேல. இடுப்புல உறை போட்டு ஊருக்கே தெரியிற மாதிரி மாட்டிக்கிறதுக்குச் செஞ்சது. தெரியணும்கிறதுதான் அதோட பாதி வேலையே.

அமெரிக்காக்காரர் ஜான் பிரௌனிங் வேற மாதிரி யோசிச்சார். தோட்டாவை வட்டமா அடுக்காம, கைப்பிடிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டார். துப்பாக்கி தட்டை ஆயிருச்சு. பெல்ஜியத்துல லியேஜ் பக்கத்துல எஃப்.என். கம்பெனி அதைத் தயாரிச்சது. 1900 மாடல் சுமார் 625 கிராம், ஏழு தோட்டா. 1906-ல வந்த குட்டி மாடல் 370 கிராம்கூட இல்லை, கிட்டத்தட்ட உள்ளங்கை நீளம்தான். கோட்டுப் பாக்கெட்ல போட்டா ஒரு டைரி வச்சிருக்கிற மாதிரி.

இன்னைக்கு அமெரிக்காவுல மறைச்சு வச்சுக்க பிஸ்டல் வாங்குறவங்க கேக்குறதும் இதே கேள்விதான்: ஒல்லியா இருக்கா, லேசா இருக்கா? மூணாவதா ஒண்ணு கேப்பாங்க, டபுள் ஆக்‌ஷனா? அதாவது விசையை இழுக்கிற ஒரே வேலையில சுத்தியல் பின்னால போய், விடுபட்டு, சுடணும். ரிவால்வர்ல அது ஏற்கனவே இருந்துச்சு. விசை கனமா இருக்கும், அதனால தெரியாம அழுந்துற வாய்ப்பு கம்மி. பிரௌனிங்ல அது கிடையாது. முன்கூட்டியே ஸ்லைடை இழுத்துத் தயாரா வச்சுக்கணும், அப்புறம் பாக்கெட்டுக்குள்ள ஒரு குட்டி சேஃப்டி லீவரை நம்பி நடக்கணும். ஒல்லி உடம்பும் டபுள் ஆக்‌ஷனும் சேர்ந்து பரவலா விற்ற பிஸ்டல்னா அது 1929-ல வந்த வால்தர் பிபி. மணியாச்சிக்கு 18 வருஷம் கழிச்சு.

அந்தக் குறையோடவே பிரௌனிங் உலகம் சுத்துச்சு. 1904 ஜூன் 16, ஹெல்சின்கியில ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவை ஆய்கன் ஷௌமான் சுட்டதும் இந்த 1900 மாடலாலதான். அவரும் அதே இடத்துல தன்னைச் சுட்டுக்கிட்டார். 1909 அக்டோபர்ல ஹார்பின் ரயில் நிலையத்துல ஜப்பானோட இத்தோ ஹிரோபுமியை கொரியாக்காரர் அன் ஜுங்-குன் சுட்டார். அங்கேயும் அதே மாடல். அதே வருஷம் டிசம்பர்ல நாசிக்ல கலெக்டர் ஜாக்சன். லண்டன் இந்தியா ஹவுஸ்ல இருந்து ஒரு பெட்டியோட ரெண்டாவது அடித்தட்டுக்குக் கீழ மறைச்சு அனுப்பின 20 பிரௌனிங்ல ஒண்ணு அது. ஃபின்லாந்து, கொரியா, மராட்டியம், நம்ம மணியாச்சி. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதவங்க, ஒரே கம்பெனி.

இந்தியர் லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வச்சுக்கக்கூடாதுன்னு 1878-லயே சட்டம் வந்தாச்சு. ஆனா அது பிரிட்டிஷ் எல்லை வரைக்கும்தான். புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில. 1910 கடைசியில வ.வே.சு. ஐயர் லண்டன்ல இருந்து தப்பி அங்க வந்து சேர்ந்தார். 1911 ஆரம்பத்துல லீவு போட்டுட்டுப் போன வாஞ்சிக்கு சுடக் கத்துக் கொடுத்தது அவர்தான்னு சொல்றாங்க. பாக்கெட்ல அடங்குற பொருளுக்கு எல்லை ஒரு பிரச்சனையே இல்ல. ஒரு மஸ்கட்டை எடுத்துட்டு ரயில்ல வர முடியுமா?

இங்க கொஞ்சம் நிக்கலாம். எனக்கு உறுத்துற இடம் இதுதான்.

மூணு வருஷம் பின்னால போங்க. 1906-ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சார். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுச்சு. மக்கள்கிட்ட பங்கு வித்த பணம். 1908 பிப்ரவரி கடைசியில கோரல் மில்லுல ஆயிரத்துக்கும் மேல தொழிலாளிங்க வேலையை நிறுத்தி, பத்து நாள் மாதிரியில கூலி உயர்வு வாங்குனாங்க. எதையும் யாரும் மறைக்கலை. எல்லாம் கடற்கரையில, கூட்டத்துல, சத்தமா நடந்தது. மார்ச் 12 வ.உ.சி. கைது. மறுநாள் நெல்லையில கலவரம், போலீஸ் சுட்டதுல நாலு பேர் செத்தாங்க. அப்போ தூத்துக்குடியில சப்-கலெக்டரா இருந்தவர்தான் ஆஷ். வ.உ.சி.க்கு முதல்ல விதிச்சது 40 வருஷம், அப்பீல்ல ஆறாச்சு.

கூட்டத்தை உடைச்சாச்சு. அதுக்கப்புறம் மிஞ்சுனது பாக்கெட். பாக்கெட்டுக்குள்ள ஆயிரம் பேருக்கு இடம் கிடையாது.

வாஞ்சி சட்டையில இருந்த கடிதம் 3000 பேர் சபதம் எடுத்திருக்கோம்னு சொல்லுது. வழக்குல நின்னவங்க 14 பேர். அதே கடிதம் ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்கிற பஞ்சமன்னு திட்டுது. சனாதன தர்மத்தைக் காப்பாத்தணும்னும் இருக்கு. ஸ்கூல் புக்ல இந்தப் பகுதி இருக்காது. அந்த 3000 பேர்ல கோரல் மில் தொழிலாளியை, துறைமுகத்துல மூட்டை தூக்கினவரை, முத்துக் குளிச்சவரை அவர் நினைச்சுப் பார்த்தாரான்னு நான் கேப்பேன். வேலைநிறுத்தத்துல அவங்க இல்லாம எதுவும் நடந்திருக்காது. மணியாச்சிக்கு அவங்க தேவைப்படலை. அந்த ஆளோட தைரியத்தை நான் கொஞ்சமும் குறைச்சுச் சொல்லலை, 25 வயசுல அதைச் செய்ய என்னால முடியாது. ஆனா ரெண்டும் ஒரே போராட்டத்தோட அடுத்தடுத்த எபிசோட்னு சொல்றதை ஏத்துக்கவும் முடியலை.

மீதி சீக்கிரம் முடிஞ்சிடும். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். ஸ்டேஷனுக்குக் கூட வந்ததா அரசுத் தரப்பு சொன்ன சங்கரகிருஷ்ணனுக்கு நாலு. ஆஷை பாளையங்கோட்டையில புதைச்சாங்க. தூத்துக்குடியில அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் கட்டுனாங்க, இப்பவும் இருக்கு. சுதேசிக் கம்பெனி அதே 1911-ல கலைஞ்சது. காலியா கப்பலை வாங்குனது போட்டிக் கம்பெனியேதான்.

1912 டிசம்பர்ல வ.உ.சி. கண்ணூர் சிறையில இருந்து வெளிய வந்தார். ஒரு காலத்துல அவர் கைதானதுக்கு ஊரே எரிஞ்சது. அன்னைக்கு வாசல்ல பெரிய கூட்டம் எதுவும் இல்லை.