குடிக்காதவரின் ஈரல்



என் மாமா ஈரல் கெட்டு இறந்தபோது, "ரகசியமாகக் குடித்திருப்பார்" என்று ஊர் பேசியது. நாங்களும் பாதி நம்பினோம்.

1980-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் லுட்விக் குழுவினர், மதுவால் நோய் வராத 20 பேரின் ஈரலில், குடிப்பவர்களுக்கு வரும் அதே பாதிப்பைக் கண்டு எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உடல் பருமன் உள்ளவர்கள்.

அடுத்த துப்பு குடலில் கிடைத்தது. குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே ஈரலுக்குத்தான் போகிறது. 2004-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கோர்டன் குழுவினர், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் கிருமிகளைக் கொடுத்தார்கள். எலிகள் குறைவாகத்தான் தின்றன. ஆனாலும் இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. ஈரலிலும் கொழுப்பு ஏறியது.

2019-இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மது தொடாமலே, மாவும் இனிப்பும் சாப்பிட்டாலே அவருக்குப் போதை ஏறியது. அவர் குடலில் இருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக்கொண்டிருந்தது! ஈரலில் கொழுப்பு படிந்த வேறு பலரிடமும் அதே வகைக் கிருமி இருந்தது.

மாமாவுக்கு வந்தது இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.