யளனகப - ஒரு ஃப்ளாப்பியும் கொஞ்சம் எழுத்துரு வரலாறும்

தலைப்பைப் பார்த்து யாரும் பயந்துட வேண்டாம். தமிழ் டைப்ரைட்டிங் கத்துக்கிட்டவங்களுக்கு இது அரிச்சுவடி. இடது கை விரல்களை வரிசையா வச்சா வர்ற எழுத்துகள்தான் ய, ள, ன, க, ப. இந்த அஞ்செழுத்து எங்க வீட்டுல ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்து வச்சது. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1999-ல அப்பா ரிட்டயர் ஆன கையோட எங்க ஊர்க் கண்மாயைப் பத்தி ஒரு நோட்டு நிறைய எழுதினார். எந்த மடைக்கு என்ன பேரு, எந்த வயலுக்கு எப்போ முறைத்தண்ணி, எந்தப் பஞ்சத்துல கண்மாய் எவ்வளவு வத்துச்சுன்னு எல்லாம் அதுல இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி சென்டர்ல கொடுத்து அடிச்சு, மூணு பிரதி எடுத்துக்கிட்டு, ரெண்டு ஃப்ளாப்பியும் வாங்கிட்டு வந்தார். ரெண்டு பிரதி கைமாறிக் காணாம போச்சு. மூணாவதையும் நோட்டையும் கரையான் தின்னுடுச்சு. "அதான் ஃப்ளாப்பி இருக்கே"ன்னு அவர் கவலையே படல.

2007-ல நான் அந்த ஃப்ளாப்பியைத் திறந்தேன். உள்ள வெறும் டெக்ஸ்ட் ஃபைல். பக்கம் பக்கமா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நான் தமிழ்லதானே எழுதினேன்? இது யார் எழுதினது?"

பதில் சொல்லணும்னா பழைய கதைக்குப் போகணும். 1963-ல வந்த ஆஸ்கி தரத்துல மொத்தமே 128 இடம். ஆங்கில எழுத்து, எண், குறிகளோட அது சரியாப் போச்சு. அப்புறம் அதை எட்டு பிட்டுக்கு நீட்டினப்போ இன்னொரு 128 கிடைச்சது. நம்ம எழுத்தோ 247, அதுக்கு மேல கிரந்தம் வேற. எப்படி அடக்குறது? எழுத்துரு செஞ்ச ஒவ்வொருத்தரும் அவரவருக்குத் தோணின இடத்துல தமிழ் வடிவத்தை வச்சாங்க. சிலர் மேல் பாதியில வச்சாங்க. சிலர் ஆங்கில எழுத்து இருந்த இடத்துலயே தமிழை உட்கார வச்சாங்க. அதாவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடிச்சது ஆங்கிலம்தான், எழுத்துரு அதுக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கு. வேஷத்தைக் கலைச்சா என்ன மிஞ்சும்? அப்பா பார்த்தது அதைத்தான்.

அப்போ அக்கா வந்தா. தட்டச்சுல லோயர் பாஸ் பண்ணினவ. திரையைப் பார்த்தா, கீபோர்டைப் பார்த்தா. "டேய் தம்பி, ஏ, எஸ், டி, எஃப், ஜி... இது யளனகப-டா! ஜே வந்தா த, கே வந்தா ம." அவ்ளோதான். தட்டச்சு வரிசையை ஒட்டின எழுத்துருன்னு புரிஞ்சுபோச்சு. யாழ்ப்பாணத்துல பிறந்து சிங்கப்பூர்ல வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு மெஷினுக்குப் பாடுபட்டவர். அந்த மெஷின்ல பழகின விரல்களுக்கு வசதியா வந்த எழுத்துருக்கள்ல பாமினியும் ஒண்ணு. அதுல 'தமிழ்'னு அடிச்சா உள்ளே பதியறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பொங்குதமிழ் மாற்றியில ஃபைலைக் கொட்டி பாமினியைத் தேர்ந்தெடுத்தேன். கண்மாய் தண்ணி மடை திறந்த மாதிரி வந்துச்சு :-)

முழுசா இல்ல. நடுவுல ரெண்டு மூணு இடத்துல ஆங்கிலத்துலயே அடிச்சிருந்த வார்த்தைகளும் 'தமிழா' மாறி உளறலா வந்துச்சு. டெக்ஸ்ட் ஃபைல்ல எழுத்துரு பேரு தங்காது இல்லையா, அதனால எது வேஷம், எது நிஜம்னு மாற்றிக்குத் தெரியல. சரி, அதைக் கையால திருத்திக்கலாம்.

இப்போ கொஞ்சம் பெரிய வரலாறு. இந்தக் குழப்பம் யாருக்கும் தெரியாம நடந்ததில்ல. மலேசியாவுல முத்து நெடுமாறன் 1985-லயே முரசு மென்பொருளை ஆரம்பிச்சார். சுவிட்சர்லாந்துல இருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செஞ்சு இலவசமாக் கொடுத்தார். சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி 1995-லயே தமிழை இணையத்துல ஏத்தினார், 1997-ல அங்க தமிழ்நெட் மாநாடும் நடந்தது. 1999 பிப்ரவரியில சென்னை மாநாடு, அதன் பலனா தமிழ்99 விசைப்பலகை, கூடவே டாம், டாப்னு ரெண்டு குறியாக்கம். இன்னொரு பக்கம் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல்ல விவாதிச்சே டிஸ்கியை உருவாக்கினாங்க. (பதிவுக்கு அடியில போடுற டிஸ்கி இல்லைங்க, இது குறியாக்கம்!)

இதுல வேடிக்கை என்னன்னா, 1991-ல வந்த யூனிகோடு முதல் பதிப்புலயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனா சாதாரண ஆளு கம்ப்யூட்டர்ல அது ஓடணுமே. விண்டோஸ் 2000-ல 'லதா' எழுத்துருவோட வந்தப்புறம்தான் வழி பிறந்தது. அதுக்கப்புறமும் சண்டை. உயிர்மெய் ஒவ்வொண்ணுக்கும் தனி இடம் தராம 128 இடத்துக்குள்ள அடைச்சுட்டாங்கன்னு கோபம். அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட டேஸ்16-ஐயும் ஏத்துக்கிட்டதுக்கு அதுதான் பின்னணி.

என் கருத்து என்னன்னா, கொஞ்சம் குறையுள்ள ஒரே பொது வீடு, குறையே இல்லாத நூறு தனி வீட்டை விட மேல். தேடுபொறியில ஒரு தமிழ்ச் சொல்லை அடிச்சா பதில் வருதுன்னா அது பொது வீட்டாலதான். 2003-ல தமிழ் விக்கிப்பீடியா, 2004-ல தமிழ்மணம், அப்புறம் நாம எல்லாரும் எழுத வந்தது, எல்லாத்துக்கும் அடியில இருந்தது அந்த வீடு. தனித்தனிக் குறியாக்கம் வித்தவங்க அறிஞ்சோ அறியாமலோ வாடிக்கையாளர் எழுத்துக்கு ஒரு பூட்டு போட்டாங்க. சாவி அந்த எழுத்துருல இருந்தது. கடை மூடினா சாவியும் போச்சு. அப்பாவுக்கு அடிச்சுக் கொடுத்த சென்டர் இருந்த இடத்துல 2007-ல செல்போன் கடை.

மதுரைத் திட்டத்தைப் பாருங்க. 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்சப்போ பழைய குறியாக்கம்தான். ஆனா எது எந்தக் குறியாக்கம்னு குறிச்சு வச்சிருந்தாங்க, அதனால பின்னாடி யூனிகோடுக்கு மாத்த முடிஞ்சது. மாத்துறதும் சும்மா இல்ல. பழசுல 'கெ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க. யூனிகோடுல முதல்ல க, அப்புறம்தான் கொம்பு. இந்த வரிசையையும் புரட்டிப் போடணும். முறை தெரிஞ்சா மாத்திடலாம். தெரியலன்னா?

நிற்க. எங்க வீட்டு ரெண்டாவது ஃப்ளாப்பியைப் பத்திச் சொல்லல இல்ல? அது திறக்கவே இல்ல, மேல பூஞ்சை. அதுக்கு எந்த மாற்றியும் கிடையாது. கீழ்மடைப் பக்கத்துப் பேரெல்லாம் அதுலதான் இருந்தது. முதல் பாதியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் அப்பா பேனாவால திருத்தினார். மீதியை ஞாபகத்துலேருந்து எழுதப் பார்த்தார். நாலஞ்சு பேருக்கு மேல வரல. "அப்ப எழுதி வச்சுட்டோம்கிற தைரியத்துல மறந்துட்டேம்ப்பா"ன்னார். 2011-ல அவரும் போயிட்டார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவை எழுத வச்சது. மெஷின்ல இருக்குன்னு நம்பி நாம மறந்துடுறோம். மெஷினோ வெறும் எண்ணைத்தான் வச்சிருக்கு. அது எந்த எழுத்துன்னு அதுக்கே தெரியாது. பழைய எழுத்துருவை இன்னும் விடாத அச்சகங்கள் இருக்கு. உங்க வீட்டுப் பரணிலயும் ஒரு சிடியோ ஃப்ளாப்பியோ இருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க. மாத்த முடிஞ்சா யூனிகோடுக்கு மாத்துங்க, முடியலன்னா எழுத்துருவோட பேரையாவது மேல ஒட்டி வைங்க. முக்கியமானதைப் பிரிண்ட் எடுத்து கரையான் எட்டாத இடத்துல வைங்க.

திறந்ததும் ஆங்கிலமா வந்தா பயப்படாதீங்க. 'யளனகப' தெரிஞ்ச அக்கா யாராச்சும் பக்கத்துல இருப்பாங்க.