கேள்வியும் முழுக்கும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சான்றோர் கூறுவதைச் செவிமடுத்து அறிதல் ஒன்று. ஐயம் எழுந்தவிடத்து வினவுதல் மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் முதற்பொருளைப் போற்றுகிறது. வயது வந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்வதற்கு முன் கடந்து செல்லும் ஆயத்த நிலைக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும். அந்நிலையினரைக் குறிக்கும் கிரேக்கச் சொல், வாய்மொழியாற் போதிக்கப்படுபவர் எனப் பொருள்படும். இலத்தீன் வழக்கில் ‘கேட்போர்’ என்றும் பெயர் வழங்கிற்று. இன்றைய தமிழ்த் திருச்சபை இதனைப் ‘புகுமுக நிலை’ என்கிறது.

கேள்வி முந்தியது, முழுக்குப் பிந்தியது என்பதே பழைய ஒழுங்கு. தமிழகக் கடற்கரையில் அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அதனை நேர்செய்ய மேற்கொண்ட முயற்சி, சமய வரலாற்றோடு நில்லாமல் தமிழ் அச்சின் வரலாற்றையும் உரைநடையின் வரலாற்றையும் தொட்டது.

பழைய ஒழுங்கு

மூன்றாம் நூற்றாண்டு வழக்கங்களைக் காட்டுவதாகக் கருதப்படும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் நூல், மூன்றாண்டுக் கேள்வியை விதிக்கிறது. எனினும் காலத்தைவிட ஒழுக்கமே அளவுகோல் என்றும் அந்நூலே கூறுகிறது. புதிதாக வருபவர் செய்யும் தொழில் யாதென வினவப்பட்டது. சிலை வடிப்போரும் அரங்கில் வாட்போர் புரிவோரும் தத்தம் தொழிலைக் கைவிடவேண்டியிருந்தது. முழுக்குக்கு உரியவராகத் தெரிந்தெடுக்குமுன், அவர் கைம்பெண்களை மதித்தாரா, நோயுற்றோரைச் சென்று கண்டாரா என்று அவரை அழைத்து வந்தவரிடம் சான்று கேட்கப்பட்டது.

நான்காம் நூற்றாண்டில் தவக்காலம் இவ்வாயத்தத்தின் உச்சமாயிற்று. எருசலேமின் ஆயர் சிரில் ஆற்றிய போதனைகள் இன்றும் கற்கப்படுகின்றன. குழந்தைப் பருவத்திலேயே புகுமுக நிலையிற் சேர்க்கப்பட்ட அகுஸ்தீன், 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், தமது முப்பத்திரண்டாம் வயதில், மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்க் குழந்தை முழுக்கே பொதுவழக்கானபோது, வளர்ந்தோர்க்குரிய நெடிய ஆயத்தம் ஐரோப்பாவில் மெல்ல மறைந்தது. போர்த்துக்கீசியக் கப்பல்கள் கீழ்த்திசை வந்த காலத்தில் அது நூலளவில் நின்ற நினைவாகவே இருந்தது.

முத்துக்குளித்துறை

முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்ட பரதவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் அவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். தொகை ஏறத்தாழ இருபதாயிரம் என்பர். நீர் வார்த்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. பெற்றுக்கொண்டோர்க்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இவ்வாறு கேள்வி இன்றியே முழுக்கு நிகழ்ந்தது.

1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், அதன் விளைவைக் கண்கூடாகக் கண்டார். நம்புவது யாதென வினவியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்களால் விடைகூற இயலவில்லை என்று 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் எழுதினார். இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரைத் துணைக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனனம் செய்தார். கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு தெருக்களிற் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, தாம் இல்லாதபோதும் போதனை தொடர வழிசெய்தார். தமிழகத்து உபதேசியார் மரபின் தொடக்கம் இதுவே எனலாம்.

ஆயினும் சவேரியாரும் விரைவிற்கு ஆட்பட்டவரே. 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரு மாதத்துக்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அவர் திருமுழுக்களித்தார். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் சொல்லி, நம்புகிறீர்களா என வினவி, ஆம் என்ற விடை பெற்ற பின்னரே நீர் வார்த்தார் என்பது உண்மை. கேள்வி அங்கு நுழைந்துவிட்டது. அதற்குரிய காலம் மட்டும் வாய்க்கவில்லை.

அச்சேறிய வினாவிடை

அக்குறையை நிறைக்க முனைந்தவர் 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த என்றிக்கே என்றீக்கசு அடிகளார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறுநூல், இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவும் விடையுமாக விரிந்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் விளக்கமின்றி முழுகிய மக்களின் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும், முழுக்கின் பொருளைச் சொல்ல வந்தவை இந்நூல்கள். தமிழ் அச்சின் பிறப்புக்குப் பின்னால் ஒரு கடன் தீர்க்கும் முயற்சி இருந்தது.

மதுரையும் வடக்கன்குளமும்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி வேறொரு குறையைக் கண்டார். பரங்கிக் குலத்திற் புக விருப்பமா என்பதே அங்குத் திருமுழுக்குக்கு முன் கேட்கப்பட்ட வினா. மறையைத் தழுவுவதும் அயலாரின் குலத்திற் கலப்பதும் ஒன்றெனப் பொருள்படும் அவ்வினாவை அவர் ஏற்கவில்லை. தம்மை நாடி வந்தோரோடு நாள்தோறும் மணிக்கணக்கில் உரையாடி, ஐயம் தீர்த்த பின்னரே முழுக்களித்தார். அவ்வுரையாடல்களிலிருந்து முதிர்ந்தது அவருடைய ‘ஞானோபதேசம்’. தத்துவப் பொருளைத் தமிழ் உரைநடையில் தாங்கிய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. குலவேறுபாட்டுக்கு அவர் இடந்தந்த முறை இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. எனினும் வினாவைத் திருத்தியவர் என்ற சிறப்பு அவரைச் சாரும்.

தனியொருவர் வாழ்வில் கேள்வி எத்துணை ஆழமாக வேரூன்றும் என்பதற்குத் தேவசகாயம் பிள்ளை சான்று. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலராக இருந்தவர். 1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டச்சுத் தளபதி தெ லனாயிடம், தம் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளைச் சொல்லி அவர் வருந்தினார். தளபதி யோபுவின் வரலாற்றைச் சொன்னார். துன்பம் ஏன் என்ற வினாவே அவரைக் கேட்போராக்கியது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். உபதேசியார் ஞானப்பிரகாசம் பிள்ளை ஞானத்தந்தையாக நின்றார். 1749இல் சிறைப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டு மாண்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மீண்ட ஒழுங்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், வளர்ந்தோர்க்கான புகுமுக நிலையைப் பல கட்டங்களாக மீண்டும் அமைக்கப் பணித்தது. அதற்குரிய சடங்குமுறை 1972ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வெளியிடப்பட்டது. முதலில் விசாரணைக் காலம். அடுத்து, ஓராண்டோ பல ஆண்டுகளோ நீளக்கூடிய கேள்விக் காலம். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பெயர் தெரிந்தெடுக்கப்படும். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் உள்ளத்தை ஆராயும் சடங்குகள் நிகழும். பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒருங்கே வழங்கப்படும். அதன்பின் பெந்தகோஸ்து வரை, பெற்றதன் பொருளை உணரும் காலம்.

இம்முறையில் முதற் சடங்கு ஆலய வாயிலிலே தொடங்குகிறது. வந்திருப்பவரை வெளியே எதிர்கொண்டு, இறைவனின் திருச்சபையிடம் வேண்டுவது யாதென வினவுகின்றனர். விசுவாசம் என்பது விடை. பரங்கிக் குலம் என்ற சொல்லுக்கு அவ்வாயிலில் இனி இடமில்லை. பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரையில் கேட்கப்படாமலே போன வினா அது. விடை சொல்லும் முன் ஆண்டுக்கணக்கிற் சிந்திக்கும் உரிமையும் இன்று அதனோடு சேர்ந்தே வருகிறது.