நிர்வாக சேவைப் பரீட்சையும் வன்னிப் பட்டதாரிகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 14 பிரதேச செயலகங்கள் இயங்குகின்றன. காணி அனுமதிப்பத்திரம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியல், வெள்ள நிவாரணம் என எதுவாயினும் அது பிரதேச செயலாளரின் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். 1990ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டு, பின்னர் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று போன்ற தமது பூர்வீக ஊர்களுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், 2009இன் பின் முகாம்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இதனை அனுபவத்தில் அறிந்தவர்களே. அந்த மேசையில் அமர்பவர் பெரும்பாலும் இலங்கை நிர்வாக சேவையைச் சேர்ந்த உத்தியோகத்தராவார். அச்சேவைக்குள் நுழையும் வழி பற்றிய தெளிவு நம்மவர் மத்தியில் இன்னும் போதியதாக இல்லை.

பொன்னம்பலம் அருணாசலம் 1875ஆம் ஆண்டில் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் இலங்கையரானார். அச்சேவை 1963 மே 1ஆம் திகதியுடன் ஒழிக்கப்பட்டு அதன் இடத்தில் நிர்வாக சேவை உருவாக்கப்பட்டது. இன்று ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருப்பது அரசாங்க சேவை ஆணைக்குழு. எழுத்துப் பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம்.

முதலாவது படி வர்த்தமானி அறிவித்தல். பலர் இடறி விழுவதும் இங்கேதான் என்றால் மிகையாகாது. வயதெல்லை, வெற்றிடங்களின் எண்ணிக்கை, வினாத்தாள்களின் அமைப்பு, நேர்முகப் பரீட்சைக்கான விதிகள் யாவும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். இவை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், சென்ற முறை தோற்றிய நண்பரின் சொல்லை நம்பி விண்ணப்பிப்பது ஆபத்தானது. பட்டம் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னரே செல்லுபடியாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட மொழிமூலத்தைப் பின்னர் மாற்ற முடியாது. பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவர்கள் பரீட்சைக்கும் அதே மொழியைப் பழக்கத்தினால் குறித்துவிடுவதுண்டு. சமூக, அரசியல் விடயங்களை விரைவாகவும் வாதத்துடனும் எந்த மொழியில் எழுத இயலும் என்பதைச் சிந்தித்தே அந்தக் கட்டத்தை நிரப்புதல் வேண்டும். தமிழில் தோற்றுவது எவரும் வழங்கும் சலுகையன்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அதனை உரிமையாகவே உறுதிப்படுத்தியுள்ளது.

நுழைவாயில்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பட்டதாரிகள் அனைவருக்குமான திறந்த போட்டிப் பரீட்சை பரவலாக அறியப்பட்டது. ஏற்கனவே நிரந்தர அரச சேவையில் உள்ளவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை வேறானது. வன்னியின் செயலகங்களிலும் திணைக்களங்களிலும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பணியாற்றும் பட்டதாரிகள் பலர் வயதெல்லை கடந்துவிட்டதென்று முயற்சியைக் கைவிடுகின்றனர். அவர்களுக்குரிய இரண்டாவது கதவு இதுவே. சேவைக்காலம், நியமனம் உறுதிப்படுத்தப்பட்டமை ஆகிய நிபந்தனைகளை முன்கூட்டியே சரிபார்த்து, திணைக்களத் தலைவர் ஊடாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் நுண்ணறிவு வினாத்தாளுக்கே மாணவர்கள் அதிக நேரம் செலவிடுகின்றனர். தனியார் வகுப்புகளும் அதையே முதன்மைப்படுத்துகின்றன. பயிற்சியினால் அதில் முன்னேறலாம் என்பது உண்மையே. எனினும் இலங்கையின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணியும் உலகப் போக்குகளும் பற்றிய வினாத்தாள் வேறுவகையான ஆயத்தத்தைக் கோருகின்றது. தமிழ்ப் பத்திரிகைகளை மட்டும் வாசிப்பவர் வடக்குக் கிழக்கு அரசியலை நன்கறிவார். ஆனால் சென்மதி நிலுவை, 2022இன் கடன் நெருக்கடி, பெருந்தோட்டத்துறை ஆகியவை பற்றி ஒரு பக்கம் எழுதத் திணறுவார். மத்திய வங்கியின் வருடாந்த வெளியீடுகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் சில அத்தியாயங்களையேனும் ஊன்றி வாசிப்பது பத்து வழிகாட்டி நூல்களை மனனம் செய்வதைவிடப் பயன்தரும். இனவாரியாகவோ மாவட்டவாரியாகவோ ஒதுக்கீடு இல்லாத, நாடளாவிய திறமை வரிசைப் போட்டி இது. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டக் கோட்டாவுக்குப் பழகிய நமது மாணவர்கள் இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே உணர்தல் நன்று.

எழுத்தில் முன்னிலை பெறுவோர் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவர். மூலச் சான்றிதழ்கள் பரிசீலிக்கப்படுவதும் அங்கேயே. போரில் ஆவணங்களை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழ் முதல் பாடசாலைச் சான்றிதழ்வரை உறுதிப்படுத்திய பிரதிகளை அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திராது பெற்று வைத்திருத்தல் அவசியம்.

தெரிவுடன் பயணம் முடிவதில்லை. 1966இல் ஆரம்பிக்கப்பட்டு, இன்று இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் என்ற பெயரில் கொழும்பில் இயங்கும் நிறுவனத்தில் பயிற்சி, தகுதிகாண் காலம், வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சை ஆகியன தொடரும். தமிழில் தோற்றித் தெரிவானவர் சிங்களத்தில் தேர்ச்சி பெறவேண்டும். சிங்களத்தில் தோற்றியவருக்குத் தமிழ்த் தேர்ச்சி அவ்வாறே கட்டாயமாகும். முதல் நியமனம் சொந்த மாவட்டத்தில் கிடைக்குமென்ற உத்தரவாதம் இல்லை. அம்பாந்தோட்டையிலோ மொனறாகலையிலோ உதவிப் பிரதேச செயலாளராகக் கடமையேற்க நேரலாம்.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. இவ்விரு இடங்களிலும் இறுதியாண்டில் பயில்வோருக்கு வர்த்தமானியை வாசிக்கவும், கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதவும், சிங்களம் பயிலவும் ஒரு மாலை வகுப்பு ஒழுங்கு செய்யப்படுமாயின், அதற்குப் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. ஓய்வுபெற்ற நிர்வாக சேவை உத்தியோகத்தர்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றனர்.