வைஸ் சிற்றி: விளையாட்டில் ஒரு நகரம், வரலாற்றில் ஒரு நகரம்

நாடு விட்டு நாடு வந்தோரின் வரலாற்றைப் பெரும்பாலும் அவர்கள் எழுதுவதில்லை. வந்தேறிய நாட்டின் அரச அறிக்கைகளும், செய்தித்தாள்களும், திரைப்படங்களுமே அதனை எழுதுகின்றன. இம்மூன்றுடன் இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. அதுதான் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் குடியிருக்கும் கணினி விளையாட்டு.

'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: வைஸ் சிற்றி' என்னும் விளையாட்டின் பெயரை இளையோர் பலர் அறிவர். அந்த விளையாட்டின் பின்னால் இரண்டு அகதிச் சமூகங்களின் கதை மறைந்து கிடக்கின்றது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அக்கதை நாமும் அறியத்தக்கது.

இந்த விளையாட்டுத் தொடரின் தாயகம் ஸ்கொட்லாந்து. டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் என்னும் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் இதன் முதற் பாகத்தை உருவாக்கியது. பின்னர் அந்நிறுவனம் எடின்பரோவுக்கு இடம்பெயர்ந்து, ரொக்ஸ்ரார் நோர்த் என்னும் பெயரைப் பெற்றது. 'வைஸ் சிற்றி' 2002 ஒக்ரோபரில் பிளேஸ்ரேசன் 2 இயந்திரத்திற்காக வெளிவந்தது. 2008ஆம் ஆண்டளவில் ஒரு கோடியே 75 இலட்சம் பிரதிகள் விற்பனையாகியிருந்தன. பத்தாண்டு நிறைவையொட்டி 2012 டிசெம்பரில் அது கைத்தொலைபேசிக்கு வந்தது. அதுவரை வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பெற்றோரின் கண்முன்னே நடந்த விளையாட்டு, அன்று முதல் பிள்ளையின் சட்டைப்பைக்குள் புகுந்தது.

விளையாடுபவர் ரொமி வெர்செற்றி என்னும் குற்றவாளியின் வேடத்தை ஏற்கிறார். ஆண்டு 1986. சிறையிலிருந்து வெளிவந்த அவர் தெருவில் செல்லும் கார்களைப் பறித்து ஓட்டுகிறார், பொலிசாரிடமிருந்து தப்புகிறார், கோஷ்டிகளுக்கு வேலை செய்கிறார், இறுதியில் நகரின் போதைப்பொருள் வணிகத்துக்கே அதிபதியாகிறார். நகர் முழுவதும் விரும்பிய திசையில் அலையலாம் என்பதே இதன் பெருங்கவர்ச்சி.

நகருக்கு 'வைஸ் சிற்றி' என்று கற்பனைப் பெயர் சூட்டியிருந்தாலும், அது புளோரிடா மாநிலத்தின் மியாமியே. கடற்கரையும் பனைமரங்களும் மின்விளக்கு விடுதிகளும் அதனை உடனே காட்டிக் கொடுக்கின்றன. அந்நகரில் இரண்டு ஏழைப் பகுதிகள் உள்ளன. ஒன்று 'லிற்றில் ஹவானா', மற்றையது 'லிற்றில் ஹெயிட்டி'. முதலாவதில் உம்பேர்ட்டோ ரொபினா என்பவரின் தலைமையில் கியூபக் கோஷ்டி. இரண்டாவதில் மருந்து கலக்கி மனிதரை மயக்கும் ஒரு முதியவளின் ஆணைக்குட்பட்ட ஹெயிட்டியக் கோஷ்டி. இரண்டும் ஒன்றையொன்று கொன்று குவிக்கின்றன. இவ்விரு பகுதிகளும் உண்மையான மியாமியிலும் அதே பெயர்களுடன் உள்ளன. அங்கே வாழ்ந்தவர்கள் யார்?

1980இன் படகுகள்

1980 ஏப்ரலில், கியூபத் தலைநகர் ஹவானாவிலுள்ள பெரு நாட்டுத் தூதரகத்தினுள் பத்தாயிரத்துக்கும் அதிகமான மக்கள் புகலிடம் தேடிப் புகுந்தனர். இதனையடுத்து, வெளியேற விரும்புவோர் மரியல் துறைமுகத்தினூடாக வெளியேறலாம் என ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு அறிவித்தது. மியாமியில் ஏற்கனவே குடியேறியிருந்த கியூபர்கள் மீன்பிடிப் படகுகளையும் உல்லாசப் படகுகளையும் அமர்த்திக் கொண்டு தம் உறவினரை ஏற்றிவரச் சென்றனர். ஒக்ரோபர் முடிவதற்குள் ஏறத்தாழ 125,000 பேர் புளோரிடாவை வந்தடைந்தனர்.

கியூப அரசு தன் சிறைகளிலிருந்தும் மனநோய் மருத்துவமனைகளிலிருந்தும் சிலரை அப்படகுகளில் ஏற்றி அனுப்பியதும் உண்மை. ஆயினும், அமெரிக்கச் சட்டத்தின்படி பாரதூரமான குற்றவாளிகள் எனக் கணிக்கப்பட்டோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் தொழிலாளர்களும் தாய்மாரும் பிள்ளைகளுமே. செய்தித்தாள்களின் கண்ணுக்கு அந்த மூவர் மட்டுமே தெரிந்தனர். 'மரியலிற்றோ' என்னும் சொல் வசைச்சொல்லாயிற்று. மியாமியின் போதைப்பொருட் போர் இவர்கள் வருமுன்னரே தொடங்கிவிட்டது. டேட்லன்ட் வணிக வளாகத்தில் பட்டப்பகலில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு 1979 யூலையைச் சேர்ந்தது. ஆயினும் பழி படகில் வந்தோர் மீதே விழுந்தது.

அதே 1980இல் ஹெயிட்டியிலிருந்தும் ஏறத்தாழ 25,000 பேர் பாய்மரப் படகுகளில் வந்து சேர்ந்தனர். 1804இல் அடிமைகளே போராடி விடுதலை பெற்று அமைத்த நாடு ஹெயிட்டி. 1957 முதல் அந்நாட்டைத் துவாலியே குடும்பத்தின் கொடுங்கோலாட்சி நசுக்கி வந்தது. கம்யூனிச நாட்டிலிருந்து வந்த கியூபரை அமெரிக்கா அரசியல் அகதிகளாகக் கண்டது. ஹெயிட்டியரையோ பிழைப்புத் தேடி வந்தோர் என்று கூறித் திருப்பி அனுப்ப முயன்றது. இம்முயற்சியில் பாகுபாடு உள்ளதென 1980 யூலையில் மியாமியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 1981 செப்ரெம்பரில் ஜனாதிபதி றேகன், ஹெயிட்டியப் படகுகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்ப ஆணையிட்டார். வந்து சேர்ந்தோர் பலர் மியாமிக்கு அண்மையிலுள்ள குரோம் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். இரு சமூகங்களும் ஒரே கடலைக் கடந்தன. ஆனால் இரு வேறு கதவுகளின் முன் நின்றன.

திரைப்படம் முந்தியது

விளையாட்டு வருவதற்கு முன்பே திரைப்படம் இக்கதையை எடுத்துக் கொண்டது. 1983 டிசெம்பரில் பிரையன் டி பல்மாவின் இயக்கத்தில் 'ஸ்கார்ஃபேஸ்' வெளிவந்தது. அல் பசினோ ஏற்ற ரொனி மொன்ரானா என்னும் பாத்திரம் மரியல் படகில் வந்திறங்கிப் போதைப்பொருள் மன்னனாகும் ஒருவன். மியாமியிலே படப்பிடிப்பு நடத்தும் திட்டத்தைக் கியூபச் சமூகத்தினர் எதிர்த்தமையால், பெரும்பகுதி லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மாற்றப்பட்டது. இப்பாத்திரங்கள் கியூப அமெரிக்கச் சமூகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துவன அல்ல என்னும் அறிவித்தலும் படத்தின் முடிவிற் சேர்க்கப்பட்டது.

ஆயினும் பார்த்தவர் நெஞ்சில் நின்றது அந்த அறிவித்தல் அன்று, துப்பாக்கி ஏந்திய அகதியின் உருவமே. இதே பெயரில் 1932இல் வெளிவந்த மூலப்படத்தின் நாயகன் சிக்காகோவில் வாழ்ந்த இத்தாலியக் குடியேற்றவாசி. ஐம்பது ஆண்டுகளில் குற்றவாளியின் வேடம் ஒரு வந்தேறு சமூகத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. இருபது ஆண்டுகள் கழித்து 'வைஸ் சிற்றி' இத்திரைப்படத்திலிருந்தே தன் மாளிகையையும், இறுதிச் சண்டையையும், நகரின் சாயலையும் பெற்றுக் கொண்டது.

உண்மையான 1986

விளையாட்டுக் காட்டும் 1986இல் கியூபரும் ஹெயிட்டியரும் தெருவில் சுட்டுக் கொள்கின்றனர். உண்மையான 1986இல் நிகழ்ந்தவை வேறு.

அவ்வாண்டு மியாமியின் மேயராக இருந்தவர் சேவியர் சுவாரெஸ். 1949இல் கியூபாவிற் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர் அவர். 1985 நவம்பரில் தேர்தலில் வென்று, கியூபாவிற் பிறந்த முதல் மேயரானார். 1986 பெப்ரவரி 7ஆம் திகதி ஜோன் குளோட் துவாலியே ஹெயிட்டியை விட்டு ஓடினார். லிற்றில் ஹெயிட்டியின் மக்கள் தெருவில் இறங்கி ஆடிப்பாடினர். அதே ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி கையொப்பமான குடிவரவுச் சட்டம், 1982க்கு முன் வந்து நிலையற்றிருந்த ஹெயிட்டியருக்கு நிரந்தர வதிவுரிமை பெற வழி திறந்தது. மரியல் கியூபருக்கு அவ்வழி 1984இலேயே திறந்துவிட்டது என்பதையும் நினைவில் இருத்த வேண்டும்.

விசா அட்டைக்காகக் காத்திருத்தல் என்றால் என்னவென்று நம் வீடுகளில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகள் காத்திருந்து அந்தக் கடிதத்தைக் கையிற் பெற்ற குடும்பங்களின் ஆண்டு அது. அந்த ஆண்டின் மேயரும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை, கடிதமும் இல்லை. விளையாட்டில் எஞ்சியிருப்பது துப்பாக்கி மட்டுமே.

ஒரு கட்டளையும் ஒரு மறுப்பும்

விளையாட்டின் ஒரு கட்டத்தில், எதிரிக் கோஷ்டியினரைக் கொல்லும்படி விளையாடுபவருக்குத் திரையிற் கட்டளை தோன்றும். அக்கட்டளை அவர்களைக் கோஷ்டியினர் என்று கூறாது, ஹெயிட்டியர் என்று இனப்பெயராலேயே சுட்டியது. கதையில் அது ஒரு குழுவையே குறிக்கும் என்று தயாரிப்பாளர் கருதியிருக்கலாம். ஆனால் திரையைப் பார்க்கும் சிறுவனுக்கு, பாடசாலையில் பக்கத்து மேசையில் இருப்பவனும் ஹெயிட்டியனே.

2003ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கிலும் புளோரிடாவிலும் ஹெயிட்டிய அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. நியூயோர்க் மேயர் மைக்கல் புளூம்பேர்க் விளையாட்டைக் கண்டித்தார். டிசெம்பரில் வெளியீட்டு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, இனிவரும் பிரதிகளில் அவ்வாசகங்களை நீக்குவதாக அறிவித்தது. அவ்வாறே அவை நீக்கப்பட்டன.

அச்சமூகத்துக்கு இது முதற் போராட்டம் அன்று. 1983இல் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் எயிட்ஸ் நோய் பரவக்கூடிய பிரிவினருள் ஹெயிட்டியரையும் ஓர் இனமாகவே சேர்த்தனர். 1985இல் அப்பட்டியலிலிருந்து பெயர் நீங்கியும், 1990இல் ஹெயிட்டியர் இரத்த தானம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் திகதி பல்லாயிரக்கணக்கானோர் நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தைக் கடந்து அணிவகுத்தனர். ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. நோயின் பெயரால் வந்த பழியை மறுத்துப் பழகிய மக்களே, விளையாட்டின் பெயரால் வந்த பழியையும் மறுத்தனர்.

நாம் கொள்ள வேண்டியது

ஒரு வாசகம் நீங்கியது, ஆனால் சித்திரம் நீங்கவில்லை. கைத்தொலைபேசிப் பதிப்பிலும் அந்த இரண்டு கோஷ்டிகளும் உள்ளன. 1990களில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சில இளைஞர் குழுக்களின் செயலால் தமிழர் என்ற சொல்லே செய்தித்தாள்களில் வேறு பொருள் பெற்ற காலத்தை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஹெயிட்டியரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது நமக்குக் கடினமன்று.

பிரித்தானியாவில் 'வைஸ் சிற்றி' 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே வகைப்படுத்தப்பட்டது. பெற்றோர் அதனை மதித்தல் வேண்டும். ஆனால் விலக்குவது மட்டும் போதாது. விலக்கிய விளையாட்டை நண்பனின் கைத்தொலைபேசியில் ஆடுவது எந்தப் பிள்ளைக்கும் எளிது. அந்த நகரில் உண்மையில் வாழ்ந்தவர் யார், அவர்கள் எந்தக் கடலைக் கடந்து வந்தனர், எந்த ஆண்டில் எதற்காகக் காத்திருந்தனர் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதே பெரிய காவல்.

அதனோடு நம்முடைய கதையையும் சொல்ல வேண்டும். எந்த ஆண்டு, எந்தத் துறை, எந்த விமான நிலையம், எத்தனை ஆண்டு காத்திருப்பு என்பவற்றைப் பெயர்களோடும் திகதிகளோடும் எழுதியும் வைக்க வேண்டும். நாம் எழுதாது விட்டால் அதனை வேறொருவர் எழுதுவார். அவர் எழுதும் கதையில் நம் பிள்ளைகளுக்கு எந்த வேடம் கிடைக்கும் என்பதை மியாமியின் வரலாறு காட்டியிருக்கிறது.