உழவனும் கணக்கனும் காத்த மௌனம்

1885ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆங்கிலப் படை மாந்தலே நகருக்குள் புகுந்தது. பர்மாவின் இறுதி மன்னன் தீபா இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டான். மன்னன் போனான்; மணிமுடி போயிற்று; மடங்களுக்குப் படியளந்த கையும் போயிற்று. பௌத்தம் இனி எவர் துணையால் நிற்கும்?

இக்கேள்விக்கு லெடி சயாடோ என்னும் துறவி (1846–1923) அளித்த விடையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேறொரு மன்னனைத் தேடி அவர் அலையவில்லை. மக்களைத் தேடிச் சென்றார். மடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த கருத்துகளை எளிய பர்மிய மொழியில் எழுதினார். தியானம் துறவியின் தனிச்சொத்து அன்று, ஏர் பிடிப்பவனுக்கும் உரியது என்றார். சொன்னதோடு நின்றாரா? சயா தெட்ஜி (1873–1945) என்ற உழவரையே ஆசானாக்கினார்! அந்த உழவரிடம் 1937இல் பயின்றவர் ஊ பா கின்; பின்னாளில் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். 1952இல் இரங்கூனில் தியான நிலையம் கண்டவர். அவரிடம் கற்ற வணிகர் கோயங்கா, 1969இல் அப்பயிற்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். துறவி, உழவர், கணக்காயர், வணிகர் என நீளும் இவ்வரிசையில், பிறப்புரிமை பேசும் புரோகிதருக்கு இடம் எங்கே?

கோயங்கா வழிப் பயிற்சி பத்து நாள். முதல் ஒன்பது நாளும் உடன் பயில்வோரிடம் ஒரு சொல் பேசலாகாது. கண்ணாலோ கையாலோ சைகை காட்டலுமாகாது. ஏடும் எழுதுகோலும் விலக்கு. மூச்சைக் கவனிப்பதே முதல் மூன்று நாள் வேலை. பேச்சற்ற கூடத்தில் பட்டமும் பதவியும் குலப்பெருமையும் என்ன செய்யும்? வாயடைத்து உட்கார்ந்திருக்கும்!

உணவுக்கும் உறையுளுக்கும் கட்டணம் இல்லை. அதனினும் வியப்பு ஒன்று: ஒரு பயிற்சியையேனும் முடிக்காதவர் கொடுக்கும் பணத்தை ஏற்பதே இல்லை. உண்டியலைத் தாண்டியே உள்ளே போய்ப் பழகிய நமக்கு இது புதுமைதான். இன்று நீர் உண்ணும் சோறு, முன்பு வந்து போன யாரோ ஒருவர் ஈந்தது. அவர் உம் பெயரை அறியார். உம் நன்றியும் அவர் செவிக்கு எட்டாது.

ஆனால் ஈகையின் பெயரால் பௌத்த நாடுகளிலும் வாணிகம் நடக்கவே செய்கிறது. இம்மையில் ஒரு படி கொடுத்தால் மறுமையில் ஒரு மூட்டை கிடைக்கும் என்னும் புண்ணியக் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. அக்கணக்கை நன்கு அறிந்தவர்கள் பர்மாவின் படைத்தலைவர்கள். 1999இல் சுவேதகோன் கோபுரத்துக்குப் புதுக் குடை ஏற்றி விழா எடுத்தார்கள். கொடுத்தால் போதும், குற்றம் மறையும் என்பது அவர்கள் நினைப்பு போலும்.

கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், மறுக்கும் உரிமை ஏற்பவருக்கு இல்லையா? உண்டு என்றது 2007. எரிபொருள் விலை ஏறியது, மக்கள் வாடினர். செப்டம்பர் 5ஆம் நாள் பகோக்கு நகரில் ஊர்வலம் வந்த துறவியரைப் படையினர் அடித்தனர். மன்னிப்புக் கேட்க 17ஆம் நாள்வரை தவணை தந்தனர் துறவியர். ஆட்சி கேட்கவில்லை. மறுநாள் முதல் பிச்சைக் கலங்களைக் கவிழ்த்துப் பிடித்துத் தெருவில் நடந்தனர். ஆட்சியாளர் கையிலிருந்து ஒரு பிடி சோறும் வேண்டா என்பது அதன் பொருள். எட்டு நாள் சென்றதும் துப்பாக்கி வெடித்தது. இரவோடிரவாக மடங்களுக்குள் படை புகுந்தது.